தூங்காத டிரைவரின் இமைகள்

ஆண்கள் நம் மாதிரி முக அழகு கிளினிக்குக்குள் வரும் விதத்தை நீங்களும் இந்நேரம் கவனித்திருப்பீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கவுன்டர் வரை வருவார்கள். பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். பக்கத்து நாற்காலியில் இன்னொரு ஆண் உட்கார்ந்திருந்தால் போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே வந்ததும் ஒரே ஒரு வாக்கியம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்கள். "முகம் கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா தெரியணும் மேடம்." அதற்குமேல் ஏதாவது கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

சனத்நகரில் ஒரே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருபத்திரண்டு வருஷம் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். முதலில் வந்தவர்கள் கல்யாண மாப்பிள்ளைகள். அப்புறம் ஐ.டி. கம்பெனி மேனேஜர்கள். அப்புறம் வேலை போய்விடுமோ என்று பயந்த ஐம்பது வயதுக்காரர்கள். கடைசி சில வருஷங்களில் எல்லாரும் வந்தார்கள். போன வருஷம் நான் நிறுத்திக்கொண்டேன். முழங்கால் முதலில் போயிற்றா, பொறுமை முதலில் போயிற்றா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டீர்கள். எந்த ஊசி எங்கே, எவ்வளவு என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கெடுதல் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரை மாற்றிவிட்டேன், தனபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "சொல்லுங்க மேடம், இனிமே என்ன இருக்கு" என்றார்.

தனபாலுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. மௌலா அலியில் வீடு. அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காக ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். தனபால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டினார். கான்ட்ராக்ட் வேலை. காலை ஷிப்ட்டை இறக்கிவிட்டால் மாலை ஆறு மணிக்கு அதே ஆட்களைத் திரும்ப ஏற்றும்வரை வேலை கிடையாது. அந்த இடைவெளியில்தான் பஸ்ஸைக் கம்பெனி வாசலில் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ மாறி மாறி ஏறி என்னிடம் வந்தார். மணி பதினொன்று இருக்கும்.

"முகம் கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா தெரியணும் மேடம்" என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், மேஜைமேல் என் பெயரைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "நீங்க தமிழா! நல்லதாப் போச்சு. வாய்விட்டுச் சொல்லலாம்."

ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நெற்றியைப் பார்த்தேன். குறுக்கே நாலு கோடு, உழுததுபோல ஆழமாக. புருவங்கள் எப்போதும் கொஞ்சம் தூக்கியே இருந்தன. வெயிலும் வயதும் டிரைவர் வேலையும் என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். தசையைத் தளர்த்தும் ஊசி, நெற்றியிலும் புருவ நடுவிலும். சம்மதப் படிவத்தில் 'தசை, நரம்பு நோய் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் போட்டார். கால் மணி நேரத்தில் முடிந்தது.

எழுந்து போகும்போது, "வீட்டுக்குத் தெரியாது மேடம், போன் கீன் பண்ணிடாதீங்க" என்றார். ஆண்களில் பாதிப் பேர் சொல்வதுதான். சிரித்துத் தலையாட்டினேன்.

எட்டாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தார். புருவம் இரண்டும் இறங்கியிருந்தன. வலது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. தலையைப் பின்னால் சாய்த்துத்தான் என்னைப் பார்க்க முடிந்தது.

இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருந்து கொஞ்சம் நகர்ந்துவிட்டால் இமை விழும். சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதுவரை இமையைத் தூக்க ஒரு சொட்டு மருந்து இருக்கிறது. அந்தச் சொட்டை விட்டேன். அரை மணி நேரத்தில் இமை கொஞ்சம் ஏறியது. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். வெளியே ஒரு மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை கல்யாணத்தை வைத்துக்கொண்டு, மூன்றாம் தடவையாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். சொட்டு மருந்தைத் தனபாலின் கையில் கொடுத்தேன்.

கதவருகே நின்று, "முன்னால போற லாரி சில நேரம் ரெண்டாத் தெரியுது மேடம். கண்ணாடி மாத்தணும்போல" என்றார்.

"மாத்திடுங்க. வயசாச்சில்ல" என்றேன்.

அந்தப் பதிலை நான் பிறகு எத்தனையோ தடவை திரும்பக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் ஒன்பதாவது ஆள். கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. காது எப்போது நின்றுபோயிற்று என்று தெரியவில்லை. களைத்திருக்கும்போது நாம் கேள்வி கேட்பதை விட்டுவிடுகிறோம். பதில் மட்டும் சொல்லிக்கொண்டே போகிறோம். இதை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் ஒருநாள் நடக்கும்.

நாலு மணிக்கு, எங்கள் நர்ஸ் ஜோதி படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாக என்னோடு இருந்தவள். தெலுங்குக்காரி, அதிகம் பேசமாட்டாள். அன்று என் அறைக்குள் வந்து, "மேடம், இதைப் பாருங்க" என்றாள்.

ஊசி போடுவதற்கு முன்னால் எடுத்த தனபாலின் படம். நான் அன்று நெற்றிக் கோடுகளை மட்டும் பார்த்த படம். ஜோதி விரலை வலது கண்மேல் வைத்தாள். புருவத்தை அவ்வளவு தூக்கியிருந்தும் இமை கருவிழியின் மேல் விளிம்பைத் தாண்டி இறங்கியிருந்தது.

"ஊசிக்கு முன்னாடியே விழுந்திருக்கு" என்றாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்றுவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கு வெளியே டீயும் பிஸ்கட்டும் கொடுத்தேன். ரெண்டாவது பிஸ்கட்டை மெல்லும்போது தாடையைக் கையால தாங்கிப் பிடிச்சிக்கிட்டார். பல்வலியான்னு கேட்டேன். இல்லை, தாடை அசந்துபோகுதுன்னு சொன்னார்."

விழும் இமை. இரண்டாகத் தெரியும் லாரி. மென்றால் அசந்துபோகும் தாடை. கல்லூரியில் மூன்றாம் வருஷத்தில் படித்தது. மயஸ்தீனியா. தசைக்குக் கட்டளை போய்ச் சேராத நோய். காலையில் நன்றாக இருப்பார்கள். உழைக்க உழைக்கத் தசை கைவிடும். அவர் நெற்றியில் இருந்தது வயதின் கோடு இல்லை. விழுகிற இமையைத் தூக்கிப் பிடிக்க நெற்றி மாதக்கணக்காகப் பட்ட பாடு. அந்த ஒரே தாங்கலையும் நான் ஊசி போட்டுத் தளர்த்திவிட்டேன். அந்த நோய் இருப்பவர்களுக்குப் போடவே கூடாத ஊசி அது. அடுத்து விழுங்க முடியாமல் போகலாம். மூச்சுகூடச் சிரமமாகலாம்.

அதெல்லாம் பிறகு. ஆறு மணிக்கு அவர் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ்ஸை எடுப்பார்.

போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். மத்தியானம் பஸ்ஸிலேயே படுத்துத் தூங்குவார் என்று சொல்லியிருந்தார். படிவத்தில் அவசரத்துக்கு இன்னொரு எண் இருந்தது. அதைப் போட்டேன், அதுவும் அணைந்திருந்தது. அதுவும் அவருடையதே என்று பிறகு தெரிந்தது. வீட்டு எண்ணைக் கொடுக்கப் பயந்து தன் இரண்டாவது சிம்மை எழுதியிருக்கிறார்.

கம்பெனியின் பெயர் படிவத்தில் இருந்தது. வாசலுக்குப் போன் செய்து, நான் டாக்டர், இந்த டிரைவரை வண்டி எடுக்க விடாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வேலை அந்த நிமிஷமே போய்விடும். என்ன டாக்டர், என்ன வைத்தியம் என்று ஊரே கேட்கும். சொல்லாவிட்டால் நாற்பது பேர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இப்போது உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தோன்றும். எனக்கு அன்று யோசிக்க இருந்தது. கடைசியில், நேரில் போவது, போய்ச் சேர முடியாதென்று தெரிந்தால் வழியிலிருந்தே வாசலுக்குப் போன் செய்வது என்று முடிவு செய்தேன். ஜோதியிடம் மிச்ச நோயாளிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

மியாப்பூர் தாண்டவே ஐந்தே கால் ஆகிவிட்டது. ஐந்தரைக்கு ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். வாசலுக்குப் போன் செய்தேன். டாக்டர் என்று சொல்லவில்லை. "டிரைவர் தனபாலோட அக்கா பேசறேன். வீட்டுல அவசரம். நான் வர்ற வரைக்கும் அவரை வண்டி எடுக்க விடாதீங்க" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அதனால் நம்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது ஆறேகால். பஸ் வாசலில் நின்றது. உள்ளே ஆட்கள் ஏறி உட்கார்ந்து, ஏன் கிளம்பவில்லை என்று தெலுங்கில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தனபால் முன் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கையால் வலது இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது இடது இமையும் இறங்கியிருந்தது.

"மேடம்! நீங்களா?" என்றார். குரல் மூக்கால் வந்தது. "எனக்கு அக்காவே கிடையாது. யாரு வந்திருக்காங்கன்னு பயந்துட்டேன். கைக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?" இந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்றால் 'எதற்கு'.

சுற்றிலும் செக்யூரிட்டி, சூப்பர்வைசர், ஜன்னலில் தலைகள். அவர்களில் யாருக்கும் தமிழ் புரியாது என்பது அன்று எங்களுக்கு ஒரு மூடிய அறைபோல இருந்தது.

"தனபால், நான் ஒண்ணு கேக்கணும். அன்னிக்கே கேட்டிருக்கணும். எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

அவர் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"தூங்கறேன்னு புகார் மேடம். சாயந்திர ட்ரிப்ல டிரைவர் தூங்கி வழியறான்னு கண்ணாடியில தெரிஞ்ச என் மூஞ்சியைப் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போட்டுட்டாங்க. கான்ட்ராக்டர் கூப்பிட்டு, இன்னொரு தடவை வந்தா வேலை கிடையாதுன்னுட்டார். நான் தூங்கலை மேடம். சத்தியமா முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். மூஞ்சிதான் அப்படி இருக்கு." இமையை மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அதான் மூஞ்சியை மாத்தலாம்னு வந்தேன்" என்றார்.

சொன்னேன்: "இது மூஞ்சி இல்ல, நோய். நான் போட்ட ஊசி அதை ஜாஸ்தியாக்கிடுச்சு. தப்பு என்னோடது. இப்ப நீங்க வண்டி எடுக்கக் கூடாது. என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"நக்கோ மேடம், நக்கோ, வேணாம். இன்னிக்கு இறங்கினா நாளைக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. இந்த ஒரு ட்ரிப் விட்டுட்டு வந்துடறேன்."

"சரி. கையை எடுங்க. தலையை அசைக்காம என் விரலைப் பாருங்க. கண் சிமிட்டாம."

விரலை அவர் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தேன். அவர் பார்த்தார். பத்து எண்ணுவதற்குள் இமைகள் நடுங்கின. முப்பதை எட்டும் முன்னால் இரண்டும் மெல்ல இறங்கிக் கண்ணை மூடிவிட்டன. தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"மேடம், உங்க விரல் தெரியலை" என்றார். சிறிது நேரம் கழித்து, "எதுவுமே தெரியலை."

பிறகு தடவித் தடவிப் படியில் ஏறி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, சாவியைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தார். வேறு டிரைவர் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றதும் பஸ்ஸில் கூச்சல் எழுந்தது. ஜன்னல் வழியாக ஒருவன், "இன்னிக்கும் தூக்கமா?" என்று கத்தினான். நாலைந்து பேர் சிரித்தார்கள். தனபால் திரும்பவில்லை. நான் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடுங்க மேடம்" என்றார்.

காரில் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டர் ஒரு சின்னப் பெண். உங்கள் வயதுதான் இருக்கும். என்ன நடந்தது என்று கேட்டாள். "நான் ஊசி போட்டேன். இந்த இடத்தில், இவ்வளவு, இந்தத் தேதியில். முன்னாடியே நோய் இருந்தது. நான் பார்க்கலை" என்றேன். அவள் எழுதிக்கொண்டே என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைச் சேர்த்தார்கள். மூச்சுக் கருவியைப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார்கள், நல்லவேளை, தேவைப்படவில்லை. மாத்திரை வேலை செய்தது.

மறுநாள் கிளினிக் முதலாளி என்னை அழைத்தார். படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நோய் இல்லைன்னு அவரே டிக் பண்ணியிருக்கார். நோயாளி தகவலை மறைச்சார்னு பைல்ல எழுதிடுங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். தனக்கே தெரியாத நோயை எப்படி மறைப்பார் என்று கேட்டேன். நடந்ததை நடந்தபடியே பைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். நாங்கள் இருவரும் பழையபடி பேசிக்கொள்ளவில்லை.

தனபால் மறுபடி பஸ் ஓட்டவில்லை. இப்போது அதே கான்ட்ராக்டரிடம், எந்த வண்டி எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பிரித்துவிடும் வேலை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வேலையும் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. இதை நல்ல முடிவு என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. நோய் கண்டுபிடிக்கப்பட்டது உங்களால்தானே என்று ஜோதிகூட ஒருநாள் சொன்னாள். ஆறுதலுக்குச் சொன்னாள். கண்டுபிடித்தது அவள். நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி கேட்பது. "உங்களைப் பார்த்து யார் என்ன சொன்னார்கள்?" ஒரு ஆண் நம்மிடம் வருகிறான் என்றால் அவன் முகத்தைப் பற்றி யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அது என்ன என்று தெரியாமல் ஊசியை எடுக்காதீர்கள்.

அவர் மனைவி வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண், கையில் நான் கொடுத்த சொட்டு மருந்துப் புட்டியோடு கவுன்டரில் நின்றாள். புட்டிமேல் எங்கள் கிளினிக்கின் பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தவளிடம், "தனபால் வீட்டம்மாவா?" என்றேன். "ஹவ், ஆமா, நான்தான் அவர் சம்சாரம். இது அவர் சட்டைப் பையில இருந்துச்சு. இங்க என்னத்துக்கு வந்தார்?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவளிடம் நரம்பு பலவீனம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். ஊசி விஷயத்தை மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள், சிரிப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார். அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் அவருக்குப் போன் செய்தேன்.

"உங்க வீட்டம்மா இங்க உட்கார்ந்திருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

அந்தப் பக்கம் டி.வி.யை அணைக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லிடுங்க மேடம்" என்றார். "எல்லாத்தையும் சொல்லிடுங்க. என்னால சொல்ல முடியலை."

சொன்னேன். புகார், போட்டோ, நோய், என் ஊசி, என் தவறு. அவள் ஊசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. அவள் கேட்டது வேறு.

"இந்த நோய்ல பேச்சு குழறுமா?"

"சாயந்திரமானா குழறும்."

"கண்ணு சொருகுமா?"

"ஆமா."

"கை கால் தளந்து, வந்ததும் கட்டில்ல விழுந்துடுவாங்களா?"

"ஆமாம்மா. உடம்புல தெம்பே இருக்காது."

அவள் புட்டியை மேஜைமேல் வைத்தாள். "நாலு மாசம்" என்றாள். "நாலு மாசமா அவர் குடிச்சிட்டு வர்றார்னு நெனச்சேன். வாசனை வரலைன்னா ஏலக்கா மென்னுட்டு வர்றார்னு சொல்வேன். பொண்ணு எதிர்லயே சொன்னேன். சாமி படத்துக்கு முன்னால நிறுத்தி சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினார். நான் நம்பலை. அதுக்கப்புறம் அவர்கிட்ட பேசறதையே விட்டுட்டேன்."

அழுதாள். நான் எழுந்துபோய் அவள் தோளில் கை வைக்கவில்லை. என் தரப்பிலிருந்து அப்படி ஆறுதல் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அவருடைய முகத்தைப் பஸ்ஸில் இருந்தவர்கள் தூக்கம் என்று படித்தார்கள். அவள் குடி என்று படித்தாள். படிப்பதற்கென்றே படித்த நான் வயது என்று படித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூஞ்சி கழுவிக்கலாமா? வீட்டுலதான் இருக்கார். இப்படியே போனா அழுதேன்னு தெரிஞ்சிடும்."

குழாயைக் காட்டினேன். திரும்பத் திரும்பத் தண்ணீரை அடித்துக் கழுவினாள். துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்று, முகத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

"இப்ப தெரியுதா மேடம்?"

கண்கள் சிவந்திருந்தன. மூக்கு வீங்கியிருந்தது. அவளை ஒரு பத்து நிமிஷம் உட்காரவைத்து, ஐஸ் வைத்து, எல்லாவற்றையும் மறைத்து அனுப்ப என்னிடம் எத்தனையோ இருந்தன.

"தெரியுது" என்றேன். "அப்படியே போங்க."